குளிக்கச் சொல்வது யார் வேலை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழில் வள்ளியூர் வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தை எங்கள் பிரிவில் நான்கு பேர் கைமாற்றிப் படித்தோம். தம் தாயாரை ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருந்தபோது, ஊசி போட வந்த ஊழியர்மேல் அடித்த வியர்வை நாற்றம் தாங்காமல் அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று எழுதியிருந்தார். "கூட வேலை பார்ப்பவர்களுக்கு மூக்கே கிடையாதா?" என்றும் கேட்டிருந்தார்.

மூக்கு இருக்கிறது ஐயா. இருபத்தாறு ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். சீழ், வாந்தி, சர்க்கரை நோயாளியின் பழுத்த கால் என்று கண்ணை மூடிக்கொண்டே பிரித்துச் சொல்லிவிடுவேன். எங்களுக்கு இல்லாமல் போனது வாய். அது ஏன் போயிற்று என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கடிதம் நீளமாக இருந்தால் வெட்டிக்கொள்ளுங்கள். கயிறு பற்றிய பகுதியை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் இன்சார்ஜ் சிஸ்டராக இருக்கிறேன். பன்னிரண்டு இயந்திரங்கள், மூன்று ஷிப்ட். மற்ற வார்டுகளில் நோயாளி பத்து நாளில் வீட்டுக்குப் போய்விடுவார். எங்களிடம் வருகிறவர்கள் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் என்று ஆண்டுக்கணக்கில் வருகிறார்கள். களக்காட்டிலிருந்து முதல் பஸ் பிடித்து வரும் ஆச்சி, முக்கூடலில் பீடி சுற்றிக்கொண்டிருந்த அக்கா, அம்பாசமுத்திரத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. அவர்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை சொந்தக்காரர்களுக்குப் போகும் முன்னே எங்களுக்கு வந்துவிடும்.

சிறுநீரகம் நின்றுபோனவர்களுக்கு ரத்தத்தில் யூரியா ஏறி வாய் கசக்கும், எதற்கெடுத்தாலும் குமட்டும். அடுத்த வீட்டில் கடுகு தாளித்தால்கூட எழுந்து போய் ஓங்கரிப்பவர்கள் உண்டு. ஆனால் எங்கள் கட்டிலில் படுத்துக் கையில் இரண்டு ஊசியைக் குத்திக் குழாயை மாட்டிவிட்டால் எழுந்து போக முடியாது, கையை மடக்கவும் கூடாது. பக்கத்தில் நிற்பவர்மேல் என்ன வாடை அடித்தாலும் நான்கு மணி நேரம் அதை மூச்சாக விட்டுக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். வள்ளியூர் வாசகரின் தாயாருக்கு முகத்தைத் திருப்பவாவது முடிந்தது.

எங்கள் பிரிவில் டெக்னீஷியனாக ஒரு தம்பி இருக்கிறார். வயது முப்பதுக்குள். பெயரும் ஊரும் வேண்டாம். பேச்சில் நான் அவரை 'நீ', 'வா' என்றுதான் சொல்வேன். அச்சில் 'அவர்' என்று எழுதுவதற்குக் காரணம் பின்னால் வரும்.

முதலில் அவருடைய கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டயாலிசிஸ் நோயாளிக்குக் கையில் தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்து ஃபிஸ்டுலா என்று ஒன்று வைப்பார்கள். அதன்மேல் விரலை வைத்தால் பூனை உறுமுவதுபோல உள்ளே அதிரும். அந்த இடத்தில் கட்டை ஊசி இரண்டைக் குத்த வேண்டும். தவறிப் போனால் கை பந்துபோல வீங்கி, அன்றைய சிகிச்சையே நின்றுவிடும். இந்தத் தம்பி இரண்டு விரலை வைத்துக் கொஞ்சம் தலையைச் சாய்ப்பார், ஏதோ கேட்பதுபோல. ஊசி போய்விட்டிருக்கும். களக்காட்டு ஆச்சி, "அந்தப் பையன் வரட்டும், நான் இருக்கிறேன்" என்று மற்றவர்களிடம் கையை நீட்டவே மாட்டார்.

2023 டிசம்பர் மாத மழை நெல்லைக்காரர்கள் யாருக்கும் மறந்திருக்காது. தாமிரபரணி கரையைத் தாண்டி ஜங்ஷனுக்குள் புகுந்த அந்த நாளில், ஷிப்டுக்கு வர முடிந்தது எங்கள் ஆட்களில் ஐந்து பேருக்குத்தான். இடுப்பளவு தண்ணீரில் சட்டையைத் தலையில் சுற்றிக்கொண்டு வந்தவர் இவர். இரண்டு பகல், இரண்டு இரவு அங்கேயே இருந்தோம். வர முடிந்த நோயாளிகளுக்கு நேரத்தைக் குறைத்துக் குறைத்து ஓட்டினோம். குளியல் இல்லை, மாற்றுத் துணி இல்லை. எல்லார்மேலும் ஒரே வாடை. அந்த இரண்டு நாளும் யாரும் யாரையும் பார்த்து மூக்கைச் சுளிக்கவில்லை.

இப்படிப்பட்ட ஒருவரிடம் எப்படிச் சொல்வது? அதுதான் எங்கள் வாயை முதலில் அடைத்தது.

இனி மற்றதையும் சொல்கிறேன். ஒரே சீருடையில் மூன்று நாள் வருவார். வியர்வையோடு, ஈரத்தோடு மடித்து வைத்த துணியின் மக்கல் வாடையும் சேர்ந்து வரும். இடது கைச் சுண்டுவிரலில் அரை அங்குலத்துக்கு நகம் வளர்த்திருந்தார். அந்த நகத்தால் காது குடைவார், மருந்துப் புட்டியின் மூடியை நெம்புவார். முகக்கவசம் தாடையில் கிடக்கும். ஒரு நோயாளியின் குழாயைத் தொட்ட அதே கையுறையோடு செல்போனை எடுப்பார், குளிர்பதனப் பெட்டியைத் திறப்பார், கதவைத் தள்ளுவார், அடுத்த கட்டிலுக்குப் போவார். கேட்டால், "கையுறைதான் போட்டிருக்கிறேனே அக்கா" என்பார். இது அவர் ஒருவருடைய எண்ணம் மட்டுமில்லை. கையுறை தன் கையைக் காப்பாற்றுவது என்றே பாதிப் பேர் நினைக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத ஓட்டை அதில் இருக்கலாம், கழற்றும்போது கையில் அழுக்குப் படும். அதனால்தான் கையுறை போடும் முன்னும் கழற்றிய பின்னும் கையைச் சுத்தம் செய்யச் சொல்கிறார்கள்.

அடுத்தது, எல்லை என்று ஒன்று இருக்கிறதே, அது அவருக்குத் தெரியாது. பிறர் டிபன் பாக்ஸைத் திறந்து கையை விட்டு ஒரு விள்ளல் எடுத்துக்கொள்வார். அதுவும் சொதியும் இஞ்சிப் பச்சடியும் கொண்டு வருகிற நாளில் தவறவே மாட்டார். மேஜையில் இருக்கும் யாருடைய தண்ணீர்ப் பாட்டிலையும் எடுத்து வாய் வைத்துக் குடிப்பார். நம் ஊரில் அண்ணாந்து குடிக்கப் பழக்கித்தானே பிள்ளைகளை வளர்க்கிறோம்? என் நாற்காலியில் கிடக்கும் துண்டு அவருக்கும் துண்டு. நோயாளியின் கட்டிலில் உட்கார்ந்து பேசுவார். கல்யாணமாகி மூன்று வருடமான ஒரு சிஸ்டரிடம் மாதம் தவறாமல் "விசேஷம் உண்டா?" என்று கேட்டு, அந்தப் பெண் ஒரு நாள் மருந்து அறைக்குள் போய் அழுதது எனக்குத் தெரியும். அவருக்கு அது தெரியாது. தெரிந்தால் நிஜமாகவே வருத்தப்பட்டிருப்பார். அதுதான் இந்த மாதிரி ஆட்களிடம் உள்ள சிக்கல்.

நாங்கள் என்ன செய்தோம்? ஒருவர் எக்ஸாஸ்ட் ஃபேனைக் கூட்டி வைத்தார். ஒருவர் சாமி படத்தின்முன் ஊதுபத்தி கொளுத்தினார். அந்தப் புகையில் மூன்று நோயாளிகள் இருமியதுதான் மிச்சம். யாரோ ஒருவர் அவருடைய அலமாரியில் ஒரு சோப்பையும் பவுடர் டப்பாவையும் காகிதத்தில் சுற்றி வைத்தார். பிரித்துப் பார்த்துவிட்டு, "யார் வைத்தது? நல்லா இருங்கள்" என்று சிரித்தபடி அறைக்கு அறை போய்க் கேட்டார். அன்று சாயங்காலம் எங்கள் எல்லாருக்கும் டீயும் வடையும் வாங்கித் தந்தார். சாப்பிட்டோம். அவர் அந்தப் பக்கம் போனதும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

பிறகு பொறுப்பில் இருப்பவள் என்ற முறையில் நான் ஒரு நோட்டீஸ் எழுதி ஒட்டினேன். 'ஊழியர்கள் அனைவரும் உடல் தூய்மையும் சீருடைத் தூய்மையும் பேண வேண்டும்.' அனைவரும் என்ற சொல்லைப்போலக் கோழைத்தனமான சொல் வேறு இல்லை என்று அன்றைக்குத்தான் கண்டேன். இரண்டு வேளை குளிப்பவர்கள் எல்லாம் ஒரு வாரம் தங்கள் தோளைத் தாங்களே முகர்ந்து பார்த்துக்கொண்டு திரிந்தார்கள். தரை துடைக்கும் ஆயா, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வருபவர், "என்னைத்தான் எழுதினீர்களா தாயி?" என்று கேட்டார். யாருக்காக எழுதினேனோ அவர், நோட்டீஸின் ஒரு மூலை பிரிந்து தொங்குவதைப் பார்த்து, பிளாஸ்திரி கிழித்து அழகாக ஒட்டிவிட்டுப் போனார்.

இப்போது அந்தக் கயிறு.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது பேச்சு இதைப் பற்றி வந்தது. தம்பி இல்லை. எங்களில் ஒருவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "அவன் எந்தத் தெருக்காரன் என்று தெரியுமில்லையா? பிறகு எப்படி இருக்கும்?" யாரும் மறுக்கவில்லை. ஒருவர் தலையை ஆட்டினார். அதைச் சொன்னவருடைய வலது மணிக்கட்டில் இரண்டு நிறம் முறுக்கிய சாதிக் கயிறு, பருப்புக் குழம்பில் நுனி நனைந்து கிடந்தது.

சுத்தம் என்ற சொல்லுக்கு இந்தச் சீமையில் இன்னொரு பொருள் உண்டு. அது என்ன என்று நெல்லை வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. யார் எந்தக் குழாயில் தண்ணீர் பிடிக்கலாம், யாருக்கு எந்த டம்ளர் என்று தீர்மானித்த சொல் அது. என் ஆத்தா வீட்டில் ஈயப் போணி ஒன்று திண்ணைக்கு வெளியே தனியே கவிழ்த்து வைக்கப்பட்டிருந்ததை நான் சிறுமியாகப் பார்த்திருக்கிறேன். அது யாருக்கு என்று கேட்டதற்கு, "அது சுத்தமில்லை, தொடாதே" என்றார்கள். அந்தப் போணியைத் துலக்கித் துலக்கி அதைப் பயன்படுத்தியவர்களே பளபளவென்று வைத்திருந்தார்கள் என்பது எனக்குப் பெரியவளான பிறகுதான் உறைத்தது. இந்தச் சரித்திரத்தை வைத்துக்கொண்டு ஒருவரிடம் போய், "தம்பி, நீ சுத்தமாக இல்லை" என்று நான் சொன்னால் அவர் காதில் எது விழும்? அதனால்தான் பாதிப் பேர் வாயைத் திறப்பதில்லை. திறக்கிற மீதிப் பேர் தெருவைச் சொல்கிறார்கள். அந்தத் தம்பியின் நகத்தைவிட எனக்கு அன்று அருவருப்பாக இருந்தது அந்தப் பேச்சுதான்.

மறுநாள் ஒரு வேலை செய்தேன். தொற்றுத் தடுப்பு விதிப்படி நோயாளியைத் தொடும் வேலையில் இருப்பவர்களுக்கு முழங்கைக்குக் கீழே எதுவும் இருக்கக் கூடாது. கைக்கடிகாரம், கயிறு, வளையல், கல் வைத்த மோதிரம், எதுவும். நூல் நனைந்தால் காய்வதில்லை, கிருமி அதில் குடியிருக்கும், அதன் கீழே உள்ள தோல் கழுவப்படுவதும் இல்லை. எங்கள் பிரிவில் இந்த விதி காகிதத்தில் மட்டும் இருந்தது. கத்தரிக்கோலை மேஜையில் வைத்து, சங்கரன்கோவிலில் ஆடித்தபசுக்குப் போனபோது நான் கட்டிக்கொண்ட கயிற்றை எல்லார் முன்னாலும் முதலில் வெட்டினேன். மனது கொஞ்சம் பதறத்தான் செய்தது, கோமதி அம்மன் மன்னிப்பாள். ஒவ்வொருவராக வந்து வெட்டினார்கள். இரண்டு நிறக் கயிற்றுக்காரர் ஒரு வாரம் விடுப்பில் போனார். திரும்பி வந்தபோது கையில் கயிறு இல்லை. மனதில் இருந்த கயிறு போயிற்றா என்று நான் கேட்கவில்லை. அது என் கத்தரிக்கோலுக்கு எட்டாது.

அந்த மாதமே ஒரு சம்பவம். கழுத்து ரத்தக் குழாயில் கதீட்டர் என்ற குழாய் வைத்திருந்த ஒரு நோயாளிக்கு டயாலிசிஸ் தொடங்கி அரை மணி நேரத்தில் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. மூன்று கம்பளி போர்த்தியும் பல் கிட்டியது. அப்படி நடுங்கினால் கதீட்டர் வழியாகக் கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டதோ என்றுதான் முதலில் சந்தேகப்படுவோம். ரத்தம் எடுத்து அனுப்பினோம். நாலாம் நாள் முடிவு வந்தது. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ். நம் மூக்கிலும் தோலிலும் சாதாரணமாகக் குடியிருக்கிற கிருமிதான். ரத்தத்துக்குள் போனால் ஆளைக் கொல்லும். அவர் பிழைத்தார்.

அந்தக் கதீட்டரை அந்த வாரம் நான்கு பேர் திறந்திருக்கிறோம். நானும் ஒருத்தி. ஆய்வகக் காகிதத்தில் கிருமியின் பெயர் இருக்கும், கொண்டு வந்தவரின் பெயர் இருக்காது. அது தம்பியின் கையிலிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை, சொன்னால் பொய். ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் ஒட்டிய நோட்டீஸையும் தின்ற வடையையும் நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

நர்சிங் படிக்கும்போது செம்மல்வைஸ் என்ற டாக்டரைப் பற்றிப் படித்திருக்கிறோம். 1847இல் வியன்னாவில், பிணத்தை அறுத்துப் பார்த்துவிட்டு அதே கையோடு பிரசவம் பார்க்கப் போன டாக்டர்களைக் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவச் சொன்னவர். பிரசவக் காய்ச்சலில் தாய்மார் சாவது மளமளவென்று குறைந்தது. ஆனாலும் சக டாக்டர்களில் பலர் கேட்கவில்லை. 'எங்கள் கை அழுக்கா?' என்ற கோபமும் அதில் இருந்தது. பின்னாளில் அவர் பெரிய பெரிய பேராசிரியர்களைக் கொலைகாரர்கள் என்று பகிரங்கக் கடிதங்கள் எழுதினார். 1865இல் மனநல விடுதி ஒன்றில் இறந்துபோனார், அதுவும் புண் சீழ்பிடித்து. வகுப்பில் இதைக் கேட்டபோது அந்த டாக்டர்கள்மேல்தான் கோபம் வந்தது. இருபத்தாறு வருடம் கழித்து, அவர் கொஞ்சம் வேறு மாதிரிச் சொல்லியிருக்கலாமோ என்று தோன்றுகிறது. இப்போது நானும் பத்திரிகைக்குக் கடிதம்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன், பாருங்கள்.

தம்பியிடம் பேச, டயாலிசிஸுக்கான தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. அறையைத் தேர்ந்தெடுத்தேன். மோட்டார் சத்தத்தில் வெளியே ஒன்றும் கேட்காது. இரண்டு பேருக்கும் டீ வாங்கிக்கொண்டு போனேன். வீட்டில் கண்ணாடிமுன் நின்று ஒத்திகை பார்த்ததெல்லாம் அங்கே போனதும் மறந்துவிட்டது. கையிலிருந்து தொடங்கினேன். "இந்த நகத்தை இன்றைக்கே வெட்டிவிடு. இது உத்தரவு. கையுறையோடு போனைத் தொடாதே. ஒரு கட்டிலிலிருந்து இன்னொரு கட்டிலுக்குப் போகும்போது கையைச் சுத்தம் செய்துவிட்டுப் போ. இந்த மூன்றும் உன் இஷ்டம் இல்லை." தலையாட்டினார். பிறகு சொன்னேன்: "உன்மேல் வியர்வை வாடை வருகிறது தம்பி. நோயாளிகளுக்குக் குமட்டுகிறது. எல்லாருக்கும் தெரியும். உனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அது எங்கள் தப்பு."

வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. டீ ஆறிப்போனது. பிறகு கேட்டார்: "அந்தச் சோப்பை வைத்தது நீங்களா அக்கா?"

இல்லை என்றேன். அது உண்மைதான். ஆனால் அதற்குப் பிறகு அவர் முகத்தைப் பார்த்து என்னால் பேச முடியவில்லை.

மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். ஆண் ஊழியர்கள் தங்கும் அறையில் ஆறு பேர். தண்ணீர் காலையில் முக்கால் மணி நேரம் வரும். முதல் ஷிப்டுக்கு இயந்திரங்களைத் தயார் செய்ய ஐந்து மணிக்கு அவர் இங்கே இருக்க வேண்டும், தண்ணீர் ஆறு மணிக்கு. சீருடை இரண்டு செட். இரட்டை ஷிப்ட் பார்க்கும் வாரத்தில் துவைத்தாலும் காயாது, அறைக்குள் கொடியில் தொங்கும். உடை மாற்ற ஆண்களுக்கு இடமே கிடையாது. டயலைசர் என்ற ரத்த வடிகட்டிகள் வரும் அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் நின்று மாற்றுகிறார்கள். இன்சார்ஜாக நான்கு வருடம் இருக்கிற எனக்கு இது தெரியாது. கேட்டதில்லை.

நாங்கள் நின்றுகொண்டிருந்த அறையைச் சுற்றிப் பார்த்தேன். ஒரு நோயாளிக்கு நான்கு மணி நேரத்தில் சுமார் 120 லிட்டர் சுத்திகரித்த தண்ணீர் அந்தக் குழாய்களில் ஓடுகிறது. பன்னிரண்டு இயந்திரம், மூன்று ஷிப்ட், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதை ஓட்டுகிறவருக்கு ஒரு வாளித் தண்ணீர் இல்லை. 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு, கூழானாலும் குளித்துக் குடி' என்ற பழமொழியைச் சொன்னவர் தாமிரபரணிப் படித்துறைக்குப் பக்கத்தில் வீடு வைத்திருந்தவராகத்தான் இருக்க வேண்டும். அக்கினி நட்சத்திரத்தில் பாளையங்கோட்டையில் ஆறு பேர் ஒரு குழாயை நம்பி இருந்தால் அவர் வேறு மாதிரிப் பாடியிருப்பார்.

ஆனால் ஒன்று. தண்ணீர் இல்லை என்பது வாடைக்குக் காரணமாகலாம், நகத்துக்கும் பாட்டிலில் வாய் வைப்பதற்கும் காரணமாகாது. பிரிவில் கை கழுவும் தொட்டி மூன்று இருக்கிறது, ஒவ்வொரு கட்டில் காலிலும் கையில் தேய்க்கும் ஸ்பிரிட் புட்டி தொங்குகிறது. பரிதாபப்பட்டுக் கையை மன்னித்துவிட்டால் அதற்கான விலையைக் கதீட்டர் நோயாளி கொடுப்பார். இதையும் அவரிடம் சொன்னேன். "நான் ஊசி குத்துவதில் குறை உண்டா?" என்று கேட்டார். "இல்லை. அதனால்தான் இத்தனை நாள் சொல்லவில்லை" என்றேன்.

இன்னொரு விஷயமும் அன்று பேசினேன். பயிற்சிக்கு வந்த ஒரு பெண், "நான் கேஸ் ஷீட் எழுதும்போது அந்த அண்ணன் மேலே உரசுகிற மாதிரி வந்து எட்டிப் பார்க்கிறார்" என்று சொல்லியிருந்தாள். இதைச் சோப்போடு சேர்த்துப் பேசக் கூடாது. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில், பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகக் குழு இருக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் அதனிடம் புகார் எழுதிக் கொடுக்கலாம். எழுதுவதா வேண்டாமா என்பதை அந்தப் பெண்தான் முடிவு செய்ய வேண்டும், அதில் தலையிட இன்சார்ஜுக்கு உரிமை இல்லை. அவளிடம் முன்பே கேட்டிருந்தேன். "தள்ளி நிற்கச் சொன்னால் போதும் சிஸ்டர், மறுபடி நடந்தால் எழுதுகிறேன்" என்றாள். அதை அவள் சொன்ன வார்த்தையிலேயே தம்பியிடம் சொன்னேன். இரண்டு முழம் தள்ளி நிற்பதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை என்றும் சொன்னேன். முகம் கறுத்துவிட்டது. மறுபடி நடக்கவில்லை.

நிர்வாகத்திடம் போனேன். மூன்றாவது சீருடை, ஆண்களுக்கு உடை மாற்றும் அறை, ஐந்து மணிக்கு முன் தண்ணீர், மூன்றையும் எழுதிக் கொடுத்தேன். சீருடை நான்கு மாதத்தில் வந்தது. தண்ணீர், ஒரு வால்வைத் திருப்பிவிடுகிற வேலைதான் என்று பிளம்பர் சொன்ன பிறகு ஒரே நாளில் வந்தது. உடை மாற்றும் அறை இன்னும் வரவில்லை. மே 5ஆம் தேதி உலகக் கைச் சுத்த தினத்துக்குப் பேனர் கட்டிக் கேக் வெட்டினோம். வெட்டும் முன் யாரும் கை கழுவவில்லை, நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

வள்ளியூர் வாசகருக்கு: உங்கள் கேள்வி நியாயமானது. ஆனால் அந்த ஊழியரின் வாடையைப் பற்றி வார்டில் எல்லார் காதிலும் விழும்படி பேசியிருந்தால் அது பயன்படாது. பிரிவின் பொறுப்பாளரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், அதே நாளில். கையைப் பற்றியதென்றால் தனிமையும் வேண்டாம், தயக்கமும் வேண்டாம். "கையைச் சுத்தம் செய்துவிட்டுத் தொடுங்கள்" என்று முகத்துக்கு நேரே சொல்லலாம். நோயாளியைத் தொடும் முன், ஊசி குழாய் வேலைக்கு முன், ரத்தமோ கழிவோ பட வாய்ப்பிருந்த வேலைக்குப் பின், நோயாளியைத் தொட்ட பின், அவர் கட்டிலையோ சாமான்களையோ தொட்ட பின் என்று உலகச் சுகாதார நிறுவனம் ஐந்து தருணங்களைச் சொல்கிறது. ஸ்பிரிட் தேய்த்தால் 20 முதல் 30 விநாடி, சோப்புப் போட்டால் 40 முதல் 60 விநாடி. பெரிய டாக்டராக இருந்தாலும் கேளுங்கள். கோபப்பட்டால் படட்டும். எங்கள் அம்பாசமுத்திரத்து அண்ணாச்சி இப்போது கையை நீட்டும் முன் கடிகாரத்தைப் பார்க்கிறார். எனக்கே ஒரு நாள், "பத்து விநாடிதான் ஆச்சு சிஸ்டர்" என்றார். திரும்பப் போய்த் தேய்த்துவிட்டு வந்தேன்.

தம்பி அன்று மாலையே நகத்தை வெட்டிவிட்டார். வாடை குறைய இரண்டு மூன்று மாதம் ஆயிற்று. கோடையில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது, அது வியர்வை, அவ்வளவுதான். யாருடைய பாட்டிலையும் தொடுவதில்லை, யாருடைய டிபன் பாக்ஸிலும் கை வைப்பதில்லை. சொதி கொண்டு வரும் நாளில் நானே ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்தால், "வேண்டாம், சாப்பிட்டுவிட்டேன்" என்கிறார். யாரிடமும் விசேஷம் உண்டா என்று கேட்பதில்லை. முன்பு நாள் முழுக்க அக்கா, அக்கா என்று கூப்பிட்ட ஆள், ஆர்.ஓ. அறையிலிருந்து வெளியே வந்த அன்றிலிருந்து அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.

நேற்றுக் காலை களக்காட்டு ஆச்சிக்கு ஊசி போடும் முன் இரண்டு கையையும் விரித்துக் காட்டி, "கழுவிவிட்டேன் ஆச்சி, பாருங்கள்" என்றார். ஆச்சி சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். தம்பி தலையைச் சாய்த்தார், ஊசி போய்விட்டது. பிறகு பதிவேட்டை என் பக்கம் தள்ளி, "கையெழுத்துப் போடுங்கள் மேடம்" என்றார்.

இப்படிக்கு,
ஒரு செவிலியர்,
பாளையங்கோட்டை.
(பெயரை வெளியிட வேண்டாம்.)